மைதா இல்லாத முதல் பீட்சா

தஸ்லிமாவுக்குக் கோதுமை ஆகாது. மைதா, ரவை, சேமியா என்று கோதுமையின் சொந்தபந்தம் எதுவுமே ஆகாது. ஒரு வாய் உள்ளே போனாலும் வயிறு அவளைப் படுக்கையில் தள்ளிவிடும். மதுரை டாக்டர் சீலியாக் என்று பேர் சொல்லி, ஆயுசுக்கும் கோதுமையில் இருக்கிற குளூட்டன் கூடாது என்று சொல்லிவிட்டார். இதைக் கோவில்பட்டியில் யாருக்காவது புரியவைத்துப் பாருங்கள். "மைதா எல்லாருக்கும் கெடுதல்தான்மா" என்று மெச்சிவிட்டு, சர்க்கரைக்காரருக்குக் கொடுக்கிற அதே பாசத்தோடு ரெண்டு சப்பாத்தியைக் கொண்டுவந்து வைப்பார்கள். இங்கே கோதுமை என்றால் மருந்து. மருந்து எப்படி ஆகாமல் போகும்?

போதாக்குறைக்கு அவள் அம்மா வேறு. "நிக்காஹ் முடியுத வரைக்கும் வாயத் தொறக்காத. சீக்காளிப் பொண்ணுன்னு சொல்லிருவாவ."

ஆகவே, நிச்சயம் பண்ணிய மாப்பிள்ளை ஆசிமிடம் தஸ்லிமா பாதிதான் சொன்னாள்: மைதா ஒத்துக்காது. அவன் அம்மா தௌலத் பேகத்திடம் அதுவும் சொல்லவில்லை. அந்த அம்மாளோ வெள்ளிக்கிழமைதோறும் கைப்படச் சம்சா பொரித்து அனுப்பினார். தஸ்லிமா அதைத் தம்பி அசாருதீனிடம் தள்ளிவிட்டு, "சம்சா பிரமாதம் மாமி" என்று போனில் அளப்பாள். தம்பிக்குச் சட்டைப் பட்டன் தெறிக்க ஆரம்பித்துவிட்டது.

இந்த நேரத்தில்தான் ஆசிம் எட்டயபுரம் ரோட்டில் பீட்சா கடை போட்டான். முதல் பீட்சா மருமகளுக்குத்தான் என்று தௌலத் பேகம் உத்தரவு. சொந்தமெல்லாம் சுற்றி நிற்க, ஆசிம் தட்டைக் கொண்டுவந்து வைத்தான். சீஸ் உருகி வழிந்தது. நோய் தெரிந்த பிறகு பீட்சாவைச் செல்போனில் மட்டுமே பார்த்த தஸ்லிமாவுக்கு நாக்கில் எச்சில் ஊறியது.

"உனக்காவத் தனியாப் பண்ணுனது. ஒரு பொட்டு மைதா கிடையாது" என்றான்.

"பொறவு என்ன மாவு?"

"சுத்தமான கோதுமை! நானே மில்லுல நின்னு அரைச்சுட்டு வந்தேன்."

எதிரே நின்ற தஸ்லிமாவின் அம்மா கண்ணாலேயே 'தின்னு' என்றாள். இன்றைக்குத் தின்றால், கட்டிக்கொண்டு போன பிறகு தினமும் தின்ன வேண்டும். கல்யாணம் நின்றாலும் நிற்கட்டும் என்று தட்டைத் தள்ளினாள்.

"மாமி, எனக்குக் கோதுமையே ஆகாது. ஆயுசுக்கும் ஆகாது. மறைச்சது தப்புதான்."

தௌலத் பேகம் மெல்லக் கேட்டார். "அப்ப நான் அனுப்புன சம்சா?"

"தம்பி தின்னான் மாமி."

அவர் அசாருதீனை மேலும் கீழும் பார்த்தார். "ஏலே, நீயாவது சொல்லப்பிடாதா?"

"சொன்னா நிறுத்திருவியளே மாமி!"

யாரோ சிரித்தார்கள். தௌலத் பேகம் சிரிக்கவில்லை. "ஏட்டி, எந்திரி. இங்கன காத்துலயே மாவு பறக்கு" என்று அவள் கையைப் பிடித்துத் தன் வீட்டுக்கு இழுத்துப் போனார். தம்பி பின்னாலேயே போனான். ஆசிமும் வந்தவர்களை அப்படியே விட்டுவிட்டு ஓடினான்.

மில் மாவில் கோதுமை கலந்திருக்கும் என்று தஸ்லிமா தயங்கிச் சொல்ல, தௌலத் பேகம் சோளத்தைப் புடைத்து, கழுவிய மிக்ஸியிலேயே பொடித்தார். தோசைக்கல்லைத் தேய்த்துக் கழுவி, வெந்நீரில் பிசைந்த மாவைத் தடிமனாகத் தட்டி, சீஸ் தூவி மூடிபோட்டார். வந்தது பீட்சாவா அடையா என்று அவருக்கே சந்தேகம். துண்டு போடும்போதே உதிர்ந்தது.

"எப்படிருக்கு?"

'பிரமாதம் மாமி' நாக்கு நுனிவரை வந்துவிட்டது. தஸ்லிமா அதை விழுங்கினாள். "நல்லாவே இல்ல மாமி. ஓரமெல்லாம் கல்லு மாதிரி இருக்கு."

ஆசிம் தலையில் கை வைத்துக்கொண்டான். தௌலத் பேகம் கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தார். "இன்னிக்குத்தான் என் மருமவ என்கிட்டப் பேசியிருக்கா. இரு, அடுத்ததை மெலிசாத் தட்டுதேன்."

அடுத்தது வருகிற வரைக்கும் தஸ்லிமா உதிர்ந்ததை எல்லாம் பொறுக்கித் தின்றாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பி ஆசையோடு கையை நீட்டினான். இந்தத் தடவை தட்டை அவன் பக்கம் அவள் தள்ளவே இல்லை.