சண்டையில்லாத வீடு

எங்கள் வீட்டில் ஆங்கிலம் சண்டைக்கு மட்டும். சாப்பாடு, துணி, தலைவலி எல்லாம் தமிழில் நடக்கும். குரல் கொஞ்சம் மாறினால் போதும், நானும் என் கணவரும் ஒரே நேரத்தில் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவோம். காரணம் அத்தை, அவருடைய அம்மா; அத்தைக்கு ஆங்கிலம் தெரியாது. அத்தையின் கட்டிலுக்கும் எங்கள் கட்டிலுக்கும் நடுவில் ஒரு பிளைவுட் தடுப்பு மட்டுமே. அந்தப் பக்கம் அத்தை புரண்டு படுத்தால் இந்தப் பக்கம் எங்கள் அலமாரிக் கதவு ஆடும்.

முதலில் அது விளையாட்டாகக்கூட இருந்தது. 'ஐ டிஸகிரி' என்று என் கணவர் கிசுகிசுப்பார். எனக்குச் சிரிப்பு வந்துவிடும். அவர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் கிளெய்ம் பார்ப்பவர். டிஸ்பியூட் என்ற சொல் அவருக்குச் சோறு போடுகிறது. நான் ஒரு பார்சல் கிடங்கின் ஹெச்ஆர் பிரிவில் இருக்கிறேன். எங்கள் மேனேஜருக்கு 'ஃபைட்' என்ற சொல் ஆகாது. பேக்கிங்கில் ஒருவன் இன்னொருவன் மூக்கை உடைத்து, சட்டையெல்லாம் ரத்தமாக வந்து நின்றபோதும் 'டிஃபரன்ஸ் ஆஃப் ஒப்பீனியன்' என்றே என்னை எழுதச் சொன்னார். மூக்கு உடைந்தவன் நான் எழுதியதை எட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, அவன் ஒப்பீனியன் சொல்லல, குத்தினான்" என்றான். வீட்டுக்கு வந்து சொன்னபோது என் கணவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். நாங்கள் சேர்ந்து சிரித்தது அதுவே கடைசி என்று நினைக்கிறேன்.

ஆங்கிலத்தில் எதையும் சொல்லிவிட முடிந்தது. அதுவே வினையாயிற்று. என் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவர் வந்து எட்டிப் பார்க்கவில்லை. அதைத் தமிழில் கேட்டிருந்தால் பாதியிலேயே அழுதிருப்பேன். அதைப் பார்த்து அவர் என் கையைப் பிடித்திருப்பாரோ என்னவோ. நான் 'யூ வேர் நாட் சப்போர்ட்டிவ்' என்றேன். அவர் 'தட்ஸ் யுவர் பெர்ஸ்பெக்டிவ்' என்றார். பிறகு அவரவர் போனை எடுத்துக்கொண்டோம்.

அத்தைக்கு ஒரே பெருமை. யார் வந்தாலும் சொல்வார்: "எம் மருமக ஒரு வார்த்த எதுத்துப் பேசினதில்ல. ரெண்டும் நியூஸ் வாசிக்கிற மாதிரி பேசிக்கும்."

போன மாதம் ஒரு சாயங்காலம், தடுப்புக்கு அந்தப் பக்கம் அத்தை பட்டன் தைத்துக்கொண்டிருக்க, இந்தப் பக்கம் என் கணவர் 'செபரேஷன்' என்றார். தனியாக ஓர் அறை பார்த்துவிட்டதாகவும், அத்தை என் நாத்தனார் வீட்டுக்குப் போனதும் தானும் கிளம்பிவிடப் போவதாகவும், எல்லாம் ஆங்கிலத்தில், நிதானமாகச் சொன்னார்.

எனக்குப் பயம் வரவில்லை. அந்தச் சொல் சுடவில்லை. மேனேஜர் எழுதச் சொல்லும் சொற்களில் இன்னொன்று என்றே பட்டது. அத்தை போகட்டும் என்று காத்திருந்தேன். வீடு எங்களுக்கு மட்டும் என்று ஆனதும் வாய்விட்டுச் சண்டை போடுவோம். நான் அழுவேன், அவர் கத்துவார், ஒரு தம்ளராவது பறக்கும். தமிழில் அவரால் இதைச் சொல்ல முடியாது. எனக்குக் காய்ச்சல் வந்தால் "ஏம்மா, ஏதாச்சும் சாப்டியா" என்று கேட்கிற வாய் அது. அதை மட்டும் பிடித்துக்கொண்டு நாட்களைத் தள்ளினேன்.

ஞாயிறு காலை நாத்தனார் வந்து அத்தையைக் கூட்டிப்போனார். கார் கதவைச் சாத்துவதற்கு முன் அத்தை என் கன்னத்தைத் தடவி, "இப்படியே இருங்க" என்றார்.

நான் மேலே வந்தபோது என் கணவர் பெட்டியைத் திறந்து சட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், ஏற்கெனவே பேசிய விஷயம்தானே இது என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தார்.

"இப்ப யாரும் இல்லங்க," என்றேன். "தமிழ்லயே சொல்லுங்க. எம்மேல என்ன கோவமோ, திட்டியாவது சொல்லுங்க."

கையிலிருந்த சட்டையோடு கட்டிலில் உட்கார்ந்தார். யோசித்தார். புது அறையின் இருட்டில் சுவிட்சைத் தடவித் தேடுகிறவர் போல அவர் வார்த்தையைத் தேடுவது தெரிந்தது. தடித்ததாக ஏதாவது வரட்டும் என்று நான் நின்றேன்.

"கோவமெல்லாம் ஒண்ணும் இல்லம்மா," என்றார். "உங்கூட இருக்கப் பிடிக்கல. அவ்வளவுதான்."

குரல் உயரவில்லை. கடைக்குப் போகிறேன், ஏதாவது வேண்டுமா என்று கேட்கிற குரல். அந்த 'அம்மா'கூட அப்படியே இருந்தது. தமிழில் அவரால் முடியாது என்று நான் நம்பிக்கொண்டிருந்ததை அவர் எந்தச் சிரமமும் இல்லாமல் செய்துவிட்டார்.

பதிலுக்குத் திட்ட வாயைத் திறந்தேன். இத்தனை வருடம் புழங்காததில் தமிழில் எனக்கு ஒரு வசவும் அகப்படவில்லை. 'அன்ஃபேர்' என்ற சொல்தான் வந்தது. அதையே சொன்னேன். அவர் பொறுமையாகத் தலையாட்டி, 'ஐ அண்டர்ஸ்டாண்ட்' என்றார்.

பிறகு அடுத்த சட்டையை எடுத்தார். அதன் காலர் கசங்கி உள்ளே மடங்கியிருந்தது. நான் அதை வாங்கி, காலரை நிமிர்த்தி, மடித்துக் கொடுத்தேன்.