புரையேறியது

"எல்லாரும் மாஸ்க் போட்டுக்கிட்டா, யாருக்கு வாய் கோணியிருக்குன்னு எப்படிப்பா கண்டுபிடிப்பீங்க?"

காவலாளியின் மகள் ஒருநாள் சாப்பிடும்போது கேட்டாள். ஆறு வருடம் பக்கவாத வார்டின் கதவருகே நின்றவர் அவர். டாக்டர்கள் வந்தவர்களைச் சிரிக்கச் சொல்வதும் கையைத் தூக்கச் சொல்வதும் பார்த்துப் பார்த்து அவருக்கு அத்துப்படி. ஆனாலும், "பேசாம சாப்பிடு" என்றுதான் சொன்னார்.

தொற்று வந்ததும் அந்த வார்டு காய்ச்சல் வார்டானது. பக்கவாதத்துக்கு மாடியில் ஆறு கட்டில் மிச்சம். அவரை ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தினார்கள். கையில் ஒரு படிவம்: காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறல். எதற்கு டிக் விழுந்தாலும் பின்பக்கக் கொட்டகைதான். பரிசோதனை முடிவு வர ஐந்தாறு மணி நேரம்.

அன்று பதினொன்று பத்துக்கு ஒரு தையல்காரரை அவர் மனைவி கைத்தாங்கலாக அழைத்து வந்தாள்.

"இருமல் இருக்கா?"

"எட்டு மணிக்குத் தண்ணி குடிச்சாருண்ணே, ஒரே புரை. யாரோ நெனைக்கிறாங்கன்னு தலையில தட்டினேன். இருமிக்கிட்டே இருந்தாரு."

படிவத்தில் புரைக்குக் கட்டமில்லை. இருமலுக்கு டிக் போட்டார்.

"வாய் ஓயாத மனுஷன். மாஸ்க் போட்டதும் ஊமையாயிட்டாரு" என்று சிரித்தபடியே கொட்டகைக்குப் போனாள்.

வரிசை நீண்டது. ஒருவரிடம் வழி விடச் சொன்னார். மாஸ்க்குக்குள் சிரிக்கிறாரா முறைக்கிறாரா, தெரியவில்லை. மகளின் கேள்வி சுருக்கென்றது. 'தண்ணி குடிச்சதும் புரை. பேச்சில்லை. பக்கவாதமா இருக்குமோ? கடவுளே!'

கொட்டகைக்கு ஓடினார். "அண்ணே, மாஸ்க்கை இறக்குங்க. சிரிங்க."

வாய் ஒருபக்கம் மட்டும் அசைந்தது. வலது கை தொங்கியது. மணி பதினொன்று ஐம்பது. மூளையில் அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து நாலரை மணி நேரத்துக்குள் ஏறியாக வேண்டும். பன்னிரண்டரை தாண்டினால் பயனில்லை.

மாடிக்குப் போன் செய்தார். கவச உடைக்குள் கையை நுழைத்துக்கொண்டே டாக்டர் இறங்கி வந்தார். "டெஸ்ட் ரிசல்ட்டு அப்புறம் வரட்டும். ஸ்கேனுக்குத் தள்ளுங்க!"

பன்னிரண்டு இருபதுக்கு மருந்து ஏறியது. உயிருக்குப் பயமில்லை. இரண்டு நாளில் பேச்சும் திரும்பியது. கத்தரிக்கோல் பிடிக்கும் கைதான் மடங்கவில்லை. "இன்னும் கொஞ்சம் முன்னாடி ஆரம்பிச்சிருந்தா..." என்று டாக்டர் நர்சிடம் சொன்னது காவலாளியின் காதில் விழுந்தது.

அந்தக் கொஞ்சம் நாற்பது நிமிடம் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். அன்றிலிருந்து வருகிற ஒவ்வொருவரிடமும், "புரையேறுதா?" என்று தனியாகக் கேட்டார். ஆனாலும் மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை.

உறவினருக்கு உள்ளே அனுமதியில்லை. மனைவி தினமும் வாசலில் நின்று நர்சுக்குப் போன் போடுவாள், கேட்டதைக் காவலாளியிடம் சொல்வாள். "விரலை ஒண்ணொண்ணா மடக்கி நீட்டணுமாம்ணே. பயிற்சி குடுக்கிறவங்க எல்லாம் காய்ச்சல் வார்டுல. யார் செய்வா?"

பத்தாம் நாள் அவள் முகம் தெளிந்திருந்தது. "நேத்துலருந்து புரையே ஏறலையாம். அவரை யாருமே நெனைக்கல போலிருக்கு!"

சாப்பாட்டு வேளையில் காவலாளி, பொட்டலத்தைப் பிரிக்காமல், கவச உடை மாட்டிக்கொண்டு மாடி ஏறினார். எட்டு நாளாக இதுதான் வழக்கம். மருந்து மயக்கத்தில் தையல்காரர் நன்றாகத் தூங்கும் நேரம் அது. நர்ஸ் அடுத்த அறையில் இருந்தாள்.

சுண்டுவிரலிலிருந்து ஆரம்பித்தார். மடக்கு, நீட்டு. கட்டைவிரலுக்கு வந்தபோது அது அவர் கையுறையை மெல்ல அழுத்தியது. நிமிர்ந்து பார்த்தார். தையல்காரரின் குறட்டை நிற்கவில்லை.

சாப்பாட்டு வேளை முடிய இன்னும் பதினொரு நிமிடம் இருந்தது. மறுபடி சுண்டுவிரலைப் பிடித்தார்.