குட்டித்தீவின் மண்

"எடுத்துட்டுப் போடா உன் மண்ணை! எனக்கு வேணாம்!"

"கத்தாதக்கா. ஊரே கேக்குது."

"கேக்கட்டும்!"

கேட்டுக்கொண்டுதான் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரி துணி காயப்போடுகிற சாக்கில் ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப உதறினாள்.

அக்காவின் வீடு தீவின் விளிம்பில் இருக்கிறது. எதிரே ஒரு குட்டித்தீவு இருந்தது. அலை அதில் மோதி, மூச்சு வாங்கித்தான் இந்தப் பக்கம் வரும். அவள் அங்கேதான் வலை காயப்போடுவாள். போன மழைக்காலம் முடிந்து பார்த்தால் அதைக் காணோம். கடல் தின்றுவிட்டது என்றார்கள். கடலோடு யார் மல்லுக்கட்டுவது? வாயை மூடிக்கொண்டாள். அப்புறம் அலை நேராகச் சமையலறைச் சுவருக்கே வந்தது. சுவர் விரிசல் விட்டதும், மண் அள்ளும் படகில் வேலை பார்க்கும் தம்பி மொட்டை, மூட்டை மூட்டையாக மணல் கொண்டுவந்து அடுக்கினான். தம்பியென்றால் இவன்தான் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டாள்.

இன்று ஒரு மூட்டை கிழிந்தது. உள்ளே ஒரு கம்புத் துண்டு. அதில் இறுகக் கட்டிய பூப்போட்ட துணி. அவளுடைய பழைய நைட்டி. குட்டித்தீவில் வலைக்கம்பு ஆடாமலிருக்க அவளே கிழித்துக் கட்டியது.

"கடல் தின்னுச்சா, நீ தின்னியாடா?"

"படகு எங்க நிக்குதோ அங்க அள்றேன். எந்த இடம்னு எனக்கென்ன தெரியும்?"

"தெரியாது? அங்கயே நின்னு, நைட்டியைக் கொடியேத்திட்டியாக்கான்னு பல்லைக் காட்டினவன் யாருடா?"

மொட்டை தலையைத் தடவினான். "உன் சுவர் நிக்கட்டும்னுதானே கொண்டாந்தேன்."

அதுதான் அவளுக்குப் பற்றி எரிந்தது. அவன் சொன்னது பொய்யில்லை.

"நாளைக்கு மண் திருட்டை விசாரிக்க ஆபீசர் வர்றாரு. அத்தனை மூட்டையையும் அவர் கால்ல கொட்டுறேன் பாரு. திருட்டு மண்ணுன்னு ஊருக்கே தெரியட்டும்."

"கொட்டு. நான் ஜெயிலுக்குப் போறேன். அடுத்த அலைக்கு உன் அடுப்பும் போவும்."

தண்ணீர் ஏறத் தொடங்கியிருந்தது. முதல் அலை மூட்டைகளில் மோதித் திரும்பியது. சமையலறைத் தரையில் ஒரு சொட்டு ஈரமில்லை. ஒரு கையில் நைட்டித் துணியை முறுக்கிக்கொண்டு, மறு கையால் மேல் மூட்டையின் காதைப் பிடித்தபடி நின்றாள். தூக்கவுமில்லை, விடவுமில்லை.

படித்துவிட்டுச் சும்மா போகாதீர்கள். உங்கள் தம்பி, உங்கள் சுவர் என்றால் அந்த மூட்டையை இறக்குவீர்களா? கீழே எழுதுங்கள்.