மார்லிஸ் எறிந்த பந்து

மகளின் பிரசவத்துக்குத் துணையாக இருக்கத்தான் மார்லிஸ் ஹாகன் வடக்கு டகோட்டாவிலிருந்து சிகாகோவுக்கு வந்திருந்தாள். மருத்துவர் குறித்துக் கொடுத்த நாள் வந்தது, போனது. குழந்தைதான் வருகிற வழியைக் காணோம். ஊரில் சர்க்கரை பீட்ரூட் அறுவடை தொடங்கப் போகிற நேரம். அந்த வேலையில் புருஷனைத் தனியாக விட்டு வந்தவளுக்கு இங்கே துரும்பைக் கிள்ளிப் போடக்கூட வேலையில்லை. சமையலறையை மருமகனின் அம்மா வூலா வளைத்துப் பிடித்திருந்தாள். மிச்சமிருந்தது மகள் கிர்ஸ்டனைப் பார்த்துக்கொண்டே இருப்பதுதான். எதிர் சோபாவில் உட்கார்ந்து அதே வேலையை மருமகனின் அப்பா எலியாஸ் கலூடிஸும் செய்துகொண்டிருந்தார். கிர்ஸ்டன் தும்மினால்கூட இரண்டு பேரும் ஒன்றாக எழுந்து நின்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கிர்ஸ்டனின் பொறுமை போய்விட்டது.

"அடுப்புல வச்ச பால் மாதிரி ரெண்டு பேரும் என்னையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கீங்க. இன்னிக்கு நான் பொங்க மாட்டேன். எங்கயாவது வெளிய போய்ட்டு வாங்களேன்!"

உள்ளேயிருந்து வூலா குரல் கொடுத்தாள். "மேட்ச்சுக்குத்தான் கூட்டிட்டுப் போயேன் அவங்கள. என் டிக்கெட் சும்மாதானே கெடக்கு? அந்தக் குளிர்ல உக்காந்து தோக்கிறத வேடிக்கை பாக்க என்னால ஆகாது."

அந்த வருஷம் சொந்த மைதானத்தில் நடக்கிற கடைசி பேஸ்பால் ஆட்டம் அது. சிகாகோ அணி பட்டியலில் அடியில் கிடந்தது. எலியாஸின் முகம் மலர்ந்து, உடனே கொஞ்சம் வாடியது. கல்யாணத்தில் அவர் மேசை மேல் ஏறி ஆடியபோது மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தவள் இந்த மார்லிஸ். இவளோடு மூன்று மணி நேரம் என்ன பேசுவது?

மார்லிஸின் பாஷையில் சம்பந்தி என்ற உறவுக்கு ஒரு சொல்லே கிடையாது. மருமகன் வீட்டார் கிரேக்கர்கள், அவர்கள் பாஷையில் உண்டு. எலியாஸ் அவளை அப்படித்தான் அழைப்பார். யாரையோ கூப்பிடுகிறார் என்று அவளும் நிதானமாகத் திரும்பிப் பார்ப்பாள்.

கிளம்பும்போது அலமாரியிலிருந்து ஒரு பழைய தோல் கையுறையை எடுத்து அவர் அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

"நீங்களும் ஆடப் போறீங்களா?" என்றாள் மார்லிஸ்.

"நம்ம பக்கம் பந்து வந்தா பிடிக்கணுமில்ல, சம்பந்தியம்மா."

"வந்திருக்கா?"

"முப்பது வருஷமா பக்கத்து சீட்டுக்கெல்லாம் வந்திருக்கு."

அவர்கள் இடம் மைதானத்தின் எல்லைச் சுவருக்குப் பின்னால், முதுகுச் சாய்வில்லாத பெஞ்சுகளில். சுவரில் படர்ந்த கொடி சிவக்கத் தொடங்கியிருந்தது. ஏரிப் பக்கமிருந்து காற்று சட்டைக்குள் புகுந்து பார்த்தது. ஆனாலும் வெயில் இருந்தது, கூட்டமும் இருந்தது. இனி இழக்க ஒன்றுமில்லை என்பதால் எல்லோரும் கல்யாண வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரிக் கலகலப்பாக இருந்தார்கள்.

எலியாஸ் வாங்கி வந்த ஹாட்டாகைக் கையில் வைத்துக்கொண்டு மார்லிஸ் அக்கம்பக்கம் பார்த்தாள். "தக்காளி கெச்சப் இல்லையா?"

பின்வரிசையில் ஊதா மப்ளர் சுற்றிய ஒரு பெண்மணி குனிந்தாள். டொலோரஸ் என்று பெயர், வருஷம் முழுக்க அதே இடத்தில் உட்காருகிறவள். "ஏம்மா, உனக்கு வயசென்ன?"

"ஐம்பத்தெட்டு."

"எட்டு வயசுக்கு மேல யாரும் இந்த ஊர்ல ஹாட்டாக்ல கெச்சப் ஊத்தறதில்ல, தெரியுமா?"

வரிசையே சிரித்தது. சம்பந்தியம்மாள் கோபித்துக்கொண்டாளோ என்று எலியாஸ் ஓரக்கண்ணால் பார்த்தார். மார்லிஸ் ஒரு வாய் கடித்து, மென்று, விழுங்கிவிட்டுத் திரும்பினாள்.

"நான் ஸ்கூல் பஸ் ஓட்டறேன். உன்ன மாதிரி வாயாடுற பிள்ளைங்கள எனக்கு நேர் பின்னாடி சீட்லதான் உக்கார வைப்பேன். நீயாவே வந்து உக்காந்திருக்க."

எல்லோரையும்விட டொலோரஸ்தான் உரக்கச் சிரித்தாள். ஒரு பொட்டலம் வேர்க்கடலையை இவர்கள் பக்கம் நீட்டினாள். எலியாஸ் அப்போதுதான் காலை நீட்டி வசதியாக உட்கார்ந்தார்.

ஆட்டம் பாதியைத் தாண்டியிருந்தது. எதிரணியின் தடியன் ஒருவன் மட்டையைச் சுழற்ற, பந்து உயர எழும்பி இவர்கள் பக்கமாகவே வரத் தொடங்கியது. எலியாஸ் துள்ளி எழுந்தார். "எனக்கு! எனக்கு! யாரும் வராதீங்க!" கையுறையை வானத்துக்கு விரித்தார். பந்து கையுறையின் அடிப்பக்கத்தில் பட்டுத் தெறித்தது. மார்லிஸ் உட்கார்ந்தபடியே இரண்டு வெறுங்கைகளாலும் அதை வாங்கினாள், அடுப்பிலிருந்து சட்டியை இறக்குவது போல.

பெஞ்சுகள் அதிரக் கூச்சல் கிளம்பியது. "திருப்பி எறி! திருப்பி எறி!"

"என்ன சொல்றாங்க?"

"எதிராளி அடிச்ச பந்த இங்க யாரும் வீட்டுக்குக் கொண்டு போகமாட்டாங்க. மைதானத்துக்குள்ளயே விட்டெறிஞ்சிடணும்."

மார்லிஸ் அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் பந்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "உங்களுக்கு இது வேணுமா?"

"வேணும்," என்றார் எலியாஸ். கூச்சல் ஏறிக்கொண்டே போனது. டொலோரஸ் பெஞ்சின் மேல் ஏறி நின்று கத்தினாள். எலியாஸ் கண்களை மூடிக்கொண்டார். "எறிஞ்சிடுங்க சம்பந்தியம்மா. சீக்கிரம். என் மனசு மாறிடும்."

மார்லிஸ் எழுந்து கைப்பையை அவர் கையில் கொடுத்தாள். கோட்டுப் பொத்தானைக் கழற்றினாள். இரண்டடி பின்வாங்கி, ஒரு காலை முன்னே ஊன்றி, தோளிலிருந்து எறிந்தாள்.

சுவரோரம் நின்ற ஆட்டக்காரன் தலைக்கு மேலே ஏதோ சீறிப் போவதைக் கண்டு குனிந்துகொண்டான். பந்து புல்வெளி முழுவதையும் கடந்து, ஒரே ஒரு தரம் குத்தி எழுந்து, மைதானத்தின் நடுவில் நின்றவனின் கையுறைக்குள் போய் விழுந்தது. அவன் பந்தைப் பார்த்தான், பெஞ்சுகளை அண்ணாந்து பார்த்தான், நரைத்த பின்னலோடு நின்றவளைக் கண்டுபிடித்து, தொப்பியைக் கழற்றினான்.

அதற்கப்புறம் அங்கே எழுந்த சத்தம் அந்த வருஷம் எந்த வெற்றிக்கும் எழுந்திருக்காது. முன்பின் தெரியாதவர்கள் மார்லிஸின் முதுகில் தட்டினார்கள். முகம் காதுவரை சிவக்க, அவள் பழையபடி கைப்பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"எங்க கத்துக்கிட்டீங்க இத?" எலியாஸ் அவள் பக்கம் முழுசாகத் திரும்பி உட்கார்ந்தார்.

"எங்க ஊர் உருளைக்கிழங்குக் கிடங்குக்காரங்க பொண்ணுங்களுக்கு ஒரு பந்தாட்ட டீம் வச்சிருந்தாங்க. அதுல ஆடினேன், கிர்ஸ்டன் பொறக்கிறவரைக்கும்."

"அதுக்கப்புறம்?"

"அறுவடையப்போ லாரியிலேருந்து பீட்ரூட் ரோட்ல விழும். அதத் தூக்கி ஓடற லாரியில போடுவேன். வேற யாரு போடுவா?"

எலியாஸ் சிரிக்கத் தொடங்கினார், நிறுத்த முடியவில்லை. அவளுக்கும் தொற்றிக்கொண்டது. கைப்பேசி அடித்தபோது இருவர் கண்ணிலும் தண்ணீர் நின்றது.

"அம்மா!" கிர்ஸ்டனின் குரல் அலறியது. "டிவியில ஒன்னத்தான் திரும்பத் திரும்பக் காட்றாங்க! சிரிச்சு சிரிச்சு வயிறு வலிக்குது."

"வலியா? எப்படி வலிக்குது? விட்டு விட்டு வருதா?"

"ஐயோ, சிரிப்புதாம்மா! நீ ஆட்டத்தப் பாரு."

ஆட்டத்தைப் பார்த்தார்கள். சிகாகோ தோற்றது, அதுவும் நன்றாகவே தோற்றது. கூட்டம் கலைந்த பிறகும் எலியாஸ் எழுந்திருக்கவில்லை. கடைசி ஆட்டத்தன்று கொஞ்ச நேரம் இப்படி உட்கார்ந்துவிட்டுப் போவது அவர் வழக்கம். மார்லிஸ் அவசரப்படுத்தவில்லை. கீழே ஆட்கள் கடலைத் தோலைக் கூட்டித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். உள்ளங்கை இன்னும் ஜிவ்வென்று எரிந்தது. அந்த எரிச்சல் அவளுக்குப் பிடித்திருந்தது.

"குழந்தைக்குக் கொஞ்சம் தலை நின்னதும் நீங்களும் வூலாவும் எங்க ஊருக்கு வாங்க," என்றாள்.

"அங்க பாக்க என்ன இருக்கு?"

மார்லிஸ் உண்மையாகவே யோசித்துப் பார்த்தாள். "ஒண்ணும் இல்ல. வானம் நெறைய இருக்கு."

"அப்போ வர்றோம்," என்றார் எலியாஸ். எழுந்து, குளிரில் மரத்துப்போன முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டு, படியிறங்க அவளுக்குக் கை கொடுத்தார்.