பாஸ் ஸ்டிக்கர் ஒட்டிய தைல டப்பி

1

கவிப்பிரியா போனை எடுக்காததால்தான் இந்தக் கதை. வேறு பெரிய காரணம் ஒன்றும் இல்லை. காலையிலிருந்து ஒன்பது தடவை அடித்துவிட்டேன். பத்தாவது தடவை அடிக்கப் பயந்துகொண்டு நோட்டை எடுத்து உட்கார்ந்திருக்கிறேன். சும்மா இருந்தால் கை போனுக்கே போகிறது. எழுதினால் கொஞ்சம் நிற்கிறது.

நான் இந்துமதி. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் செக்சன். கதை எழுதுவது ஞாயிற்றுக்கிழமை வேலை, தலைவலித் தைலம் காய்ச்சுவதும் அப்படித்தான். கவிப்பிரியா என் மேசைக்குப் புதிதாக வந்த பிள்ளை, சோமனூர்க்காரி. அவளுக்கு ஏழு மாதக் குழந்தை. நேற்று சாயங்காலம் என் தைல டப்பி ஒன்றை வாங்கிப் போனாள். அதைக் குழந்தைக்குப் போட்டிருப்பாளோ என்பதுதான் பயம். மறைத்து வைத்துக் கடைசியில் சொல்கிற சாமர்த்தியமெல்லாம் இன்றைக்கு என்னிடம் இல்லை.

2

முதலில் இப்படித்தான் ஆரம்பித்தேன்:

"தேன்மெழுகு உருகும் வாசனையில் அவிநாசி வீதி முழுவதும்..."

(அடித்துவிட்டேன். வீதி முழுவதும் மணக்க நான் என்ன ஆலையா வைத்திருக்கிறேன்? சமையல்கட்டில் ஒரு சட்டி.)

சட்டியில் வெந்நீர், அதற்குள் ஒரு கிண்ணம். கிண்ணத்தில் தேங்காய் எண்ணெயும் தேன்மெழுகும். உருகியதும் இறக்கி, சூடு தணிகிறபோது புதினா உப்பு, ஓம உப்பு, கற்பூரம். நாள் முழுக்க டியூப்லைட்டுக்குக் கீழே வெள்ளைத் துணியில் ஊசி ஓட்டை தேடுகிறவர்களுக்குத் தலைவலி வேலையோடு சேர்ந்தே வருகிறது. முதல் தடவை காய்ச்சியதை எங்கள் மேசைப் பழனாயி அக்கா நெற்றியில் இழுத்துவிட்டு, "ஏனம்முணி, இது தைலமா வெண்ணெயா? காந்தவே மாட்டீங்குது. காந்துனாத்தான் மருந்து" என்றார். மேசையே சிரித்தது. எனக்கு ரோசம் வந்துவிட்டது. அடுத்த தடவை கற்பூரத்தை இரண்டு மடங்காகப் போட்டேன்.

3

ஒரு சங்கதியை விட்டுவிட்டேன். எழுதக் கூசுகிறது.

எங்கள் செக்சனில் பார்த்து முடித்த உருப்படிக்குப் பச்சை வட்ட ஸ்டிக்கர் ஒட்டுவோம், 'பாஸ்' என்று. அது ஒட்டிவிட்டால் பிறகு யாரும் பிரித்துப் பார்க்க மாட்டார்கள், நேரே பேக்கிங்தான். புதுப் பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுப்பது அதுதான். கவிப்பிரியாவுக்குச் சொல்லிக்கொடுத்தது நான்.

விளையாட்டுக்கு என் டப்பி மூடிகளிலும் அந்த ஸ்டிக்கரை ஒட்டி வைத்திருந்தேன்.

நேற்று வேன் ஏறும்போது கேட்டாள்.

"அக்கா, பாப்பாவுக்கு மூக்கடைப்புங்க. பால் குடிக்க முடியாம அழுகுதுங்க. இதைப் போடலாமுங்களா?"

"பாஸ் போட்ட சரக்கு, கண்ணு. பச்சைக் கொழந்தைக்கே போடலாம்" என்றேன்.

[இந்தப் பேச்சை மூன்று விதமாக மாற்றி எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவள் கேட்கவே இல்லை. ஒன்றில் நான் "டாக்டரைப் பாரு கண்ணு" என்கிறேன். படிக்க நன்றாகத்தான் இருந்தது. நோட்டில் இருப்பதை அடிக்கலாம், அவள் காதில் விழுந்ததை எதைக்கொண்டு அடிப்பது?]

4

இன்று காலையில் கற்பூரம் வாங்கப் போனவள், மருந்துக்கடைக் கிட்டுசாமி அண்ணனிடம் என் கைப்பக்குவத்தைப் பெருமையடித்தேன். வாய் சும்மா இருந்தால்தானே. குழந்தைக்கும் போடலாம் என்றதும் அவர் கையிலிருந்த பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டார்.

"அதெல்லாம் வேண்டாமுங்க அம்முணி. ரெண்டு வயசுக்குள்ள கொழந்தைகளுக்குக் கற்பூரஞ் சேர்ந்தது தொடவே கூடாதுங்க. வலிப்பு வரும். மூக்குக்கிட்டப் போட்டா மூச்சே நின்னு போகலாம். ஆருக்காச்சும் குடுத்தீங்களா?"

"இல்லீங்க" என்றேன்.

கற்பூரத்தை வாங்காமலே ஓடி வந்தேன். 'போடாதே கண்ணு' என்று வாட்ஸ்அப்பில் போட்டது இன்னும் ஒற்றை டிக்கில் நிற்கிறது.

5

முடிவு அ: அவர்கள் வீட்டில் விசைத்தறி ஓடுகிறது. தறிச் சத்தத்தில் போன் கேட்கவில்லை. குழந்தை தொட்டிலில் தூங்குகிறது. டப்பி இன்னும் பையிலேயே கிடக்கிறது.

(இன்று ஞாயிறு. அவர்கள் தறி ஞாயிறு ஓடாது. அவளே சொல்லியிருக்கிறாள்.)

முடிவு ஆ: மூக்குக்குக் கீழே ஒரு விரல் தடவிவிட்டு அவள் விளக்கை அணைக்கிறாள். கொஞ்ச நேரம் கழித்துக் குழந்தை

(மாட்டேன்.)

எங்கூட்டுக்காரர் மாரப்பன் பின்னால் நின்று இவ்வளவையும் படித்திருக்கிறார்.

"ஏம்புள்ள, கதை எழுதற நேரமா இது? எந்திரி, வண்டியெடுக்கறேன்."

"போனாத் தெரிஞ்சு போயிருமுங்க."

"தெரியோணுமில்ல?"

வாஸ்தவம். இங்கேயே உட்கார்ந்திருந்தால் குழந்தை நன்றாக இருக்கிறது என்று நான் எழுதிக்கொண்டே இருக்கலாம். அந்த ஆசையில் ஒரு காலைப்பொழுதையே கழித்துவிட்டேன். எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

6

சோமனூர். அவள் வீதி முனையில் நின்று இதைப் போனில் தட்டுகிறேன். அவளுடையது நாலாவது வீடு. வாசலில் பத்துப் பன்னிரண்டு சோடிச் செருப்பு கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை, ஒறம்பறை வந்திருக்கலாம்.* பேச்சுச் சத்தம் கேட்கவில்லை. குழந்தை அழுகிற சத்தமும் கேட்கவில்லை. மாரப்பன் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்.

(* ஒறம்பறை: எங்கள் பக்கம் விருந்தாளிகளை அப்படிச் சொல்வோம். நல்லதுக்கும் வருவார்கள், கெட்டதுக்கும் வருவார்கள்.)

உள்ளே எது இருந்தாலும், "நாந்தான் போடச் சொன்னேன்" என்பதை முதலில் சொல்லிவிடுவேன். அதில் மாற்றமில்லை.

இந்த மாதிரிக் கதைக்கு எந்த முடிவு அழுத்தமாக இருக்கும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால்தான் இன்னும் வீதி முனையிலேயே நிற்கிறேன். மற்ற கதைகளில் முடிவை உங்களிடமே விட்டிருக்கிறேன். இன்றைக்கு உங்களை நம்ப மாட்டேன். கையெடுத்துக் கும்பிடுகிறேன், செருப்பை எண்ணாதீர்கள், எதையும் முடித்துவைக்காதீர்கள். நான் போய்ப் பார்க்கும்வரை அந்தக் குழந்தையை அப்படியே விட்டுவையுங்கள்.