முப்பது கால்பந்துகள்

தலைமையாசிரியர்களுக்கு நிதி மேலாண்மை கற்றுக்கொடுக்க மூன்று நாள் பயிற்சி. முப்பத்தெட்டுப் பேரைப் பிடித்துவந்து ஒரு கூடத்தில் உட்காரவைத்து, ஆளுக்கொரு ஃபைலும் பேனாவும் கழுத்தில் மாட்டிக்கொள்ள ஓர் அட்டையும் கொடுத்திருந்தார்கள். பேனா முதல் நாள் மத்தியானமே மக்கர் பண்ணிவிட்டது. அதற்கும் யாரோ முறைப்படி மூன்று கடைகளில் விலை கேட்டு மூன்று கொட்டேஷன் வாங்கித்தான் இருப்பார்கள்.

பெரிய டீச்சருக்கு ஓய்வு பெற நாலு மாதம்தான் இருந்தது. பிள்ளைகள் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். தலைமையாசிரியை என்பது அவர்கள் வாயில் நுழையாது. "வீட்டுக்குப் போகப்போறவளுக்கு எதுக்குங்க பயிற்சி?" என்று அலுவலகத்தில் கேட்டுப் பார்த்தார். "லிஸ்ட்ல பேர் இருக்கு மேடம்" என்று முடித்துவிட்டார்கள்.

அவர் மறுபேச்சுப் பேசாமல் வந்ததற்குக் காரணம் இருந்தது. அவர் பேரில் ஒரு தணிக்கை ஆட்சேபணை நின்றுகொண்டிருந்தது. அது தீராமல் ஓய்வூதியக் காகிதம் ஓர் அங்குலம் நகராது. கணவரின் கடை மூடி இரண்டு வருடமாகிறது. வீட்டில் அடுப்பு எரிவது இவர் சம்பளத்தில். தினமும் காலையில் அவர் செருப்பு மாட்டும்போது கணவர் வாசல்வரை வந்து, "அந்த விஷயம் என்னாச்சு?" என்பார். "விளக்கம் எழுதிக் கொடுத்துட்டேன். முடிஞ்சிடுங்க" என்பார் இவர். சொல்லிச் சொல்லி அவருக்கே நம்பிக்கை வந்திருந்தது.

மூன்றாம் நாள் பயிற்சியாளர் உற்சாகமாக இருந்தார். கணக்கு அலுவலகத்து இளைஞர். சட்டையில் ஒரு சுருக்கம் கிடையாது. "இன்னிக்கு நிஜமா நடந்த ஒரு கேஸ். பள்ளியோட பேரை மறைச்சிருக்கோம். குழுவா உக்காந்து தப்பெல்லாம் கண்டுபிடிங்க" என்று நகல்களை விநியோகித்தார்.

இரண்டாவது பக்கத்தைத் திருப்பியதும் பெரிய டீச்சருக்குக் காகிதங்கள் அடையாளம் தெரிந்தன. மூன்று கொட்டேஷன்கள். முப்பது கால்பந்துகளுக்கு ஒரு பில். முப்பதும் வந்து சேர்ந்ததாக இருப்புப் பதிவேட்டில் ஒரு வரி. கடைசியில் அவருடைய விளக்கக் கடிதம். பேரையும் கையெழுத்தையும் கறுப்பு மையால் அடித்திருந்தார்கள். மற்றதெல்லாம் அப்படியே இருந்தது. 'கதவில்லாத கழிப்பறைக்குப் போகக் கூசி, பெரிய வகுப்புப் பெண்கள் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருந்தார்கள்' என்ற வரியை நாலு தாளைக் கிழித்துப் போட்ட பிறகுதான் அவரால் எழுத முடிந்தது. அதை முப்பத்தெட்டு நகல் எடுத்திருந்தார்கள்.

நடந்தது இதுதான். கதவு கேட்டு மூன்று முறை எழுதினார். நிதி இல்லை என்று மூன்று முறை பதில் வந்தது. வருடக் கடைசியில், ஆறு நாள் இருக்கும்போது, விளையாட்டுச் சாமானுக்கென்று பணம் வந்து விழுந்தது. செலவழிக்காவிட்டால் திரும்பிப் போய்விடும். கதவு செய்கிற தச்சரிடம் பில் புத்தகம் இல்லை. விளையாட்டுக் கடைக்காரர் கால்பந்துக்குப் பில் போட்டு, தன் பங்கை எடுத்துக்கொண்டு, மீதியைத் தச்சருக்குக் கொடுத்தார். ஆறு கதவுகள் வந்தன. தாழ்ப்பாளும் இருந்தது.

இந்த வழியைக் காட்டியவர் சட்டப்புத்தகம். விதி எண்ணெல்லாம் விரல்நுனியில் வைத்திருப்பதால் அந்தத் தலைமையாசிரியருக்கு அந்தப் பேர். "கடைக்காரர் நம்பர் தரேன் டீச்சர். மூணு கொட்டேஷனும் அவரே போட்டுக் குடுத்துடுவாரு. நாங்கள்லாம் அவர்கிட்டதான்" என்று சொன்னவர், இப்போது இதே மேசையில் குழுத் தலைவராக உட்கார்ந்திருந்தார்.

"மூணு கொட்டேஷனும் ஒரே ஆள் எழுதினது! பாத்தாலே தெரியுது" என்று சிரித்தார். பக்கத்துப் பள்ளித் தலைமையாசிரியை, "மாட்டிக்கிட்டதும் கதவுன்னு கதை விடறாங்க பாருங்க" என்றாள். அவள் பெரிய டீச்சரோடு தினமும் ஒரே பஸ்ஸில் வருகிறவள், வாய்க்கு வாய் அக்கா என்பவள். கணினி பழுதுபார்க்கும் பணத்தில் சுவருக்கு வெள்ளையடித்த கதையை அன்று காலையில்தான் சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருந்தாள்.

சட்டப்புத்தகம் கடிதத்துக்கு வந்தார். ஆறு கதவு என்ற இடத்தில் அவர் சிரிப்பு நின்றது. மெதுவாக நிமிர்ந்து பெரிய டீச்சரைப் பார்த்தார். ஆள் புரிந்துவிட்டது. ஒரு வார்த்தை நல்லதாகப் போடுவார் என்று பெரிய டீச்சர் நினைத்தார். அந்த நினைப்புக்காகப் பிறகு தன் மேலேயே அவருக்கு எரிச்சல் வந்தது. சட்டப்புத்தகம் குனிந்து எழுதினார்: 'திட்டமிட்ட மோசடி. முழுத் தொகையையும் ஓய்வூதியப் பலன்களிலிருந்து பிடித்தம் செய்து, துறை நடவடிக்கை எடுக்கலாம்.'

அதை அவர் எழுந்து வாசித்தபோது கூடமே கைதட்டியது.

"பிரமாதம்" என்றார் பயிற்சியாளர். "இந்தக் கேஸ்ல இன்னும் முடிவெடுக்கல. அனுபவசாலிங்க நீங்க சொன்னதையும் ஃபைல்ல சேத்து மேல அனுப்பறோம்."

பெரிய டீச்சர் எழுந்தார்.

"அது என் பள்ளிக்கூடம். கதவு ஆறும் நிக்குது, யாரு வேணா வந்து பாக்கலாம். ஒரு காசு நான் தொடல."

கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"பில்லு ஒண்ணு, பொருள் ஒண்ணுன்னு இங்க யாருமே செஞ்சதில்லையா? செஞ்சவங்க கை தூக்குங்க."

முப்பத்தேழு பேருக்கும் திடீரென்று ஃபைலில் படிக்க ஏதோ இருந்தது.

கூட்டம் கைமீறிப் போகுமோ என்று பயந்த பயிற்சியாளர் தாளையும் பேனாவையும் எடுத்தார். "மேடம் கேட்டதால பதிவு பண்ணிக்குவோம். இப்படி செய்யாதவங்க கை தூக்குங்க."

முதலில் சட்டப்புத்தகத்தின் கை எழுந்தது. பிறகு வரிசை வரிசையாக எழுந்தன. பக்கத்துப் பள்ளிக்காரி மேசையைப் பார்த்துக்கொண்டே கையைத் தூக்கினாள்.

"முப்பத்தேழு" என்று எழுதிக்கொண்டார் பயிற்சியாளர். "நன்றி. டீ வந்தாச்சு."

பெரிய டீச்சர் உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்தவள் குனிந்து கிசுகிசுத்தாள்: "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கு இன்னும் ஒம்பது வருஷம் சர்வீஸ் இருக்கு."

அவள் கை இன்னும் மேலேயே இருந்தது.

"கையை இறக்கிக்கம்மா" என்றார் பெரிய டீச்சர். "எண்ணி முடிச்சுட்டாங்க."