நாற்பத்தொரு பேருக்குப் போன மெயில்

அன்றைக்குத் தலையைக் குனிந்துகொண்டு கையெழுத்துப் போட்டிருந்தால் சுலபமாக முடிந்திருக்கும். எனக்குக் குனிந்து பழக்கமில்லை.

கேளம்பாக்கத்தில் ஒரு மென்பொருள் கம்பெனியில் நான் ஒப்பந்த ஊழியர். தாம்பரம் பக்கத்து ரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றின் சர்வரை எங்கள் குழு பார்த்துக்கொள்கிறது. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அங்கே எல்லா ரிசல்ட்டும் திரையிலிருந்து காணாமல் போயின. நாற்பது நிமிடம் நோயாளிகள் வரிசையில் நின்றார்கள். எதுவும் அழியவில்லை. ரிசல்ட் இருக்கும் டிஸ்க் சர்வரிலிருந்து கழன்றிருந்தது, அவ்வளவுதான். அதே நேரத்தில் நான் சோதனை கண்டெய்னருக்குள் அந்த டிஸ்க்கைக் கட்டளை கொடுத்துக் கழற்றியிருந்தேன். கண்டெய்னர் என்றால் சர்வருக்குள்ளேயே தடுத்து வைத்த தனி அறை. உள்ளே என்ன செய்தாலும் வெளியே தெரியக்கூடாது.

சாயங்காலத்துக்குள் குழுத் தலைவர் ஷ்யாம்சுந்தர், வாடிக்கையாளர் உட்பட நாற்பத்தொரு பேருக்கு மெயில் போட்டுவிட்டார்: 'மஹாலட்சுமியின் கவனக்குறைவு.' எனக்கு மட்டும் போடவில்லை. கேன்டீனில் யாரோ சொல்லித்தான் தெரியும். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி.

மறுநாள் மீட்டிங் அறையில் ஹெச்.ஆர். விஷ்ணுப்ரியா மேடம் ஒரு தாளை நீட்டினார்கள். தவறு என்னுடையதுதான் என்று அச்சடித்திருந்தது. ஷ்யாம்சுந்தர் பக்கத்தில் இருந்தார்.

"சைன் பண்ணிடுங்க மஹா. வார்னிங்கோட விட்டுடலாம். இல்லேன்னா இன்னிக்கே கான்ட்ராக்ட் முடிஞ்சிடும்" என்றார்கள் மேடம்.

கோவளத்தில் என் அம்மா மீன் விற்கிறாள். பழைய மீனைப் புதுசு என்று சொன்னதில்லை. அவளுடைய புது மீனைப் பழசு என்று எவன் சொன்னாலும் விட்டதுமில்லை.

"அஞ்சி நிமிசம் குடுங்க மேடம். செஞ்சே காட்டறேன்."

லேப்டாப்பில் சோதனை மெஷின் ஒன்றைத் திறந்தேன். இடது பக்கம் சர்வர், வலது பக்கம் கண்டெய்னர்.

"டிஸ்க் மாட்டுன ஃபோல்டரை கண்டெய்னருக்குக் குடுக்கறப்ப, பிரைவேட்டா ஷேர்டான்னு கர்னலுக்கு, அதான் சர்வரோட அடி சாஃப்ட்வேருக்கு, சொல்லணும். இது பிரைவேட். பாருங்க."

வலதில் டிஸ்க்கைக் கழற்றினேன். இடதில் அப்படியே இருந்தது.

"இப்ப ஷேர்டு."

மறுபடி மாட்டிக் கழற்றினேன். இடதிலும் மறைந்தது. மேடம் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

"நான் உள்ளதான் கழட்டினேன். வெளிய இழுத்துகினு போனது இந்த செட்டிங். மாத்துனது யாருன்னும் இதுலயே கீது."

செட்டிங் ஃபைலின் வரலாற்றைத் திறந்தேன். வெள்ளிக்கிழமை, மாலை நாலு பத்து, ஷ்யாம்சுந்தர்.

அவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து, குடிக்காமலே மூடினார். "வேற புராஜெக்ட்லேர்ந்து காப்பி பண்ண லைன் அது... சரி, விடும்மா. சைன் வேணாம். இந்த ரூமோட முடிச்சுக்கலாம்."

மேடம் தாளை மடித்தார்கள். பொய் சொல்வானேன், வேலை தப்பியதே என்று நானும் எழுந்துவிட்டேன். கதவில் கை வைத்தபோதுதான் சுருக்கென்றது.

"என் மேல போட்ட பழி மட்டும் ஷேர்டு, உங்க தப்பு மட்டும் பிரைவேட்டா சார்?"

"மஹா, மெதுவா பேசு."

"மெதுவா பேச மாட்டேன். அதே நாப்பத்தொரு பேருக்கும் மெயில் போவணும். என் பேரு இருந்த எடத்துல உங்க பேரு. அது போற வரிக்கும் நவுர மாட்டேன்."

திரும்ப வந்து உட்கார்ந்தேன். அவர் மேடத்தைப் பார்த்தார். மேடம் மடித்த தாளைப் பார்த்தார்கள். வேறு வழியில்லாமல் ஷ்யாம்சுந்தர் தன் லேப்டாப்பைத் திறந்து, 'ஒரு தொழில்நுட்பக் காரணத்தால்' என்று ஆரம்பித்தார்.

"காரணத்துக்குப் பேரு இல்லையா சார்?"

அழித்தார். தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக அடித்தார். அனுப்பப் போன விரலை நிறுத்தினேன்.

"நாப்பத்திரெண்டாவதா என்னையும் சேருங்க."

என் கைப்பையில் போன் அதிர்ந்தது.